கையில் ஒரு சுற்றுக் கயிறு

ஆகஸ்ட் 19

அலாஸ்காவில், கோடியாக் துறைமுகத்தில் இருக்கும் என் மகன் மிலோவுக்கு, பண்ணையிலிருந்து அம்மா அன்போடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடுகளும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் பதில் வர ஒரு பருவம் ஆகும், அதுவும் ஒற்றை வரியில் வரும். இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

போனில் பேசியிருக்கலாம். நீ கடலில் இருந்தால் மணி அடிப்பதில்லை, கரையில் இருந்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் மீன் கம்பெனியின் தபால் பெட்டியில் கிடக்கும். என்றைக்காவது பிரித்துத்தானே ஆக வேண்டும்?

இந்த வருடம் மழை நம்மை ஏமாற்றவில்லை. புல் அறுத்துக் கட்டி அடுக்கியாயிற்று. அப்பாவின் வலது முழங்கால் மட்டும் படியேறும்போது சத்தம் போடுகிறது. டாக்டரிடம் போங்கள் என்றால், “அவன் பாக்குற முட்டிய விட என் முட்டி தேவலை” என்கிறார். தேவாலயத்துப் பெண்களோடு சேர்ந்து நான் இன்னும் வியாழக்கிழமைகளில் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுடுகிறேன். பிளம்பழம் வைத்ததுதான் முதலில் தீர்கிறது. நடீன் வாரம் தவறாமல் வந்து வாங்குகிறாள். பள்ளிக்கூடத்தில் இசை டீச்சராக இருக்கிறாள். ஒவ்வொரு முறையும், “மிலோ எப்படி இருக்கான் ஆன்ட்டி?” என்று கேட்கிறாள். குளிர் நாட்களில் இடுப்பு வலிக்கிறது போல, காரிலிருந்து இறங்கக் கொஞ்சம் நேரமாகிறது. அவள் உன்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. இதை நான் ஏற்கனவே எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்விக் பல்கலைக்கழகத்தில் அணியின் அடையாள மிருகமான ஹாட்டியை மறுபடியும் கொண்டுவருகிறார்கள். பஞ்சடைத்த வேஷத்துக்குள் ஒரு பையன் புகுந்து ஆடுவானே, அந்த ஹாட்டி இல்லை. உயிருள்ள காட்டெருமை. அக்டோபரில் சொந்த மைதானத்தில் நடக்கிற பெரிய ஃபுட்பால் ஆட்டத்தில் முதல் ஓட்டம். ‘மரபு திரும்புகிறது’ என்று ஊரெல்லாம் பலகை வைத்துவிட்டார்கள். மாடு மைதானத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை, அதற்குள் அதன் முகம் போட்ட பனியன் விற்பனைக்கு வந்துவிட்டது.

அந்தக் காட்டெருமைக் கிடேரியைக் கொடுத்தது யார் என்று கேட்கிறாயா? உன் அப்பா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார்.

பழைய மாணவர் சங்கத்துத் தலைவர் ராய்ஸ் டில்லரியே நேரில் வந்தார். அதே ஆள், அதே வெள்ளைத் தொப்பி. சமையலறையில் உட்கார்ந்து என் கையால் காப்பி குடித்தார். “மிஸஸ் கட்லெக், இந்தக் கொலாச்சிய வச்சே ஒரு எலெக்‌ஷன் ஜெயிக்கலாம்” என்றார். நான் சிரிக்கவில்லை. பிறகு கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “கொம்பு இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா டிவியில எடுப்பா இருக்கும். ஒரு கிடா கிடைக்காதா லம்பர்ட்?” என்று கேட்டார். கையில் வளர்த்த கிடாவுக்கு மனிதனிடம் பயம் இருக்காது, வயசுக்கு வந்ததும் முதலில் சோறு போட்டவனைத்தான் குத்தும், அதனால்தான் எல்லா ஹாட்டியும் கிடேரி என்று அப்பா சொன்னார். டில்லரி, “ஓ, அப்படியா!” என்று புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார். மரபைக் காப்பாற்றப் புறப்பட்டவருக்கு மரபு மாடா கிடாவா என்றே தெரியவில்லை.

நீ கயிறு பிடித்த கடைசி ஓட்டத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் இங்கே பத்திரிகையில் இப்போது அதை வேறு மாதிரி எழுதுகிறார்கள். ‘கயிறு பிடித்த மாணவரின் கவனக்குறைவால் நின்றுபோன பெருமைமிகு வழக்கம்’ என்று போன வாரம் வந்தது. அதனால் உள்ளதை உள்ளபடி ஒரு தரம் எழுதி வைக்கிறேன். யாரும் எழுதாவிட்டால் பொய்தான் மிஞ்சும்.

ஆட்டம் தொடங்குமுன் ஹாட்டி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். ஐந்து மாணவர்கள் ஆளுக்கொரு கயிறு பிடித்துக் கூடவே ஓட வேண்டும். கோடியில் உள்ள பட்டிக்குள் அவள் போனதும் கதவைச் சாத்த வேண்டும். சாத்தியது தெரிந்த பிறகு சங்கத் தலைவர் தொப்பியைத் தூக்குவார். தொப்பியைப் பார்த்துத்தான் பையன்கள் பீரங்கியை வெடிப்பார்கள், அணி உள்ளே வரும். அன்றைக்கு மேடையில் யாரோ பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தார். டில்லரி அவருக்கு வணக்கம் சொல்லத் தொப்பியைத் தூக்கினார். ஹாட்டி அப்போது நடு மைதானத்தில் இருந்தாள். வெடித்தது. அவள் திரும்பி, வரிசையாக நின்ற பேண்டு வாத்தியக் குழுவுக்குள் பாய்ந்தாள். மற்ற நாலு பேரும் விழுந்துவிட்டார்கள். பின் கயிறு உன்னுடையது. நீ கடைசிவரை பிடித்திருந்தாய், கயிறு உன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயிற்று. அந்த வரிசையில் நின்ற நடீன் ஹாட்டியின் காலடியில் மாட்டினாள்.

தொப்பியைத் தூக்கவே இல்லை என்று டில்லரி சத்தியம் செய்தார். நான் பார்த்தேன் என்று விசாரணையில் சொன்னேன். பெற்ற தாய் வேறு எப்படிச் சொல்வாள் என்று எழுதாமல் விட்டார்கள். பட்டியின் மரப்பலகையில் ஹாட்டியோடு ஓடிய எல்லார் பேரும் சூட்டுக்கோலால் பொறித்திருக்குமே, அதில் உன் பேரை மட்டும் இழைப்புளி போட்டுச் சீவி எடுத்தார்கள். முதல் ஓட்டம் முடிந்து உன் பேரைப் பொறித்த அன்று, மிளகாய் பீன்ஸும் பட்டைப்பொடி போட்ட சுருள் ரொட்டியும் நீ மூன்று தட்டு தின்றாய்.

ஆனால் நீ அலாஸ்கா போனது பலகைக்காக இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அப்பா சொன்ன ஒரு வாக்கியத்துக்காகப் போனாய். “கையில ஒரு சுத்து சுத்தியிருந்தா நின்னுருக்கும்டா.” அவ்வளவுதான் சொன்னார். கயிற்றைக் கையில் சுற்றாதே, என்ன நடந்தாலும் சுற்றாதே என்று சின்ன வயதிலிருந்து உனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவர் சொன்னபடி செய்ததற்கு அவரே உன்னைக் குறை சொன்னார். அன்றைக்கு என் வாய்க்கு வந்ததையெல்லாம் நான் அவரைப் பேசினேன், நீ கேட்டிருக்க மாட்டாய். நீ அதற்குள் படியிறங்கிவிட்டாய்.

இப்போது கிடேரிக்குப் பதிலாக அவர் இரண்டு கேட்டார். ஒன்று, உன் பேர் பலகையில் திரும்ப வர வேண்டும். இன்னொன்று, பீரங்கி கூடாது. முதலாவதுக்கு உடனே சரி என்றார்கள். இரண்டாவதுக்கு டில்லரி, “பீரங்கியும் மரபுதானே லம்பர்ட், அத எப்படி விடறது? கதவ சாத்தி சங்கிலி போட்டப்புறம்தான் வெடிப்போம். நான் கியாரண்டி” என்றார். அந்த ஆளின் கியாரண்டி! அப்பா கை கொடுத்துவிட்டார். டில்லரி போனதும் நான் அப்பாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். “சும்மா இரு ரோசலி. பையன் பேரு வரணும். எனக்கு அவ்ளோதான்” என்றார். இதை உன்னிடம் அவரே சொல்லலாமே என்றால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சாயங்காலத்தில் அந்தக் கிடேரியோடு மேய்ச்சல் நிலத்தில் ஓடுகிறார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! இந்த வயதில் என்ன ஓட்டம் என்று கேட்டேன், கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வா என்று நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இதோடு அனுப்பும் அட்டைப்பெட்டியில் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். போன வருடம் அனுப்பியதையே இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் தூக்கிப் போடு. கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அம்மா,
ரோசலி


அக்டோபர் 23

மிலோவுக்கு அம்மா எழுதுவது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்பா உயிரோடு இருக்கிறார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடுகிறார், குறை சொல்கிறார். வலது தோள் இறங்கியதை ஏற்றிவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. இதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை, நிதானமாகப் படி.

ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. பின் கயிற்றைத் தானே பிடிக்கிறேன் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருக்கிறார். கிடேரிக்குத் தன் குரல் பழக்கம், முதல் ஓட்டத்தில் கூட இருந்தால் மிரளாது என்று காரணம். அவர்களுக்குக் கசக்குமா? வெள்ளை மீசைக் கிழவர் மாட்டோடு ஓடினால் படம் நன்றாக வருமே. ஒரு பத்திரிகைப் பெண் வீட்டுக்கு வந்து, அவரை வேலியில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாள். வேலியில் சாய்கிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

நான் சண்டை போட்டேன். “கடவுள் உங்களுக்கு மூளை வச்சாரா, இல்ல அந்த எடத்துலயும் முட்டிதான் வச்சாரா?” என்று கேட்டேன். “ஒரே ஒரு ஓட்டம்தான் ரோசலி, ஓடிட்டு வந்துடறேன்” என்றார். கெஞ்சுவதுபோல் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

ஆட்டத்தன்று காலையில் எங்களைப் பட்டிக்குக் கூட்டிப் போனார்கள். பேர் பொறிப்பதை ஆட்ட நடுவில் எல்லார் முன்னாலும் விழாவாக வைக்கலாம் என்பது டில்லரியின் திட்டம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “மொதல்ல பேரு, அப்புறம்தான் மாடு டிரெய்லர விட்டு எறங்கும்” என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சூட்டுக்கோலை அவரே காய்ச்சினார். உன் பேரைச் சீவியெடுத்த இடம் அந்தப் பலகையில் இன்னும் வெளிறிப்போய் ஒரு பள்ளமாக இருந்தது. அதே பள்ளத்தில் எழுத்தெழுத்தாகப் பொறித்தார். புகை கண்ணில் பட்டது என்று துடைத்துக்கொண்டார். எனக்கும் பட்டது. அங்கே நின்ற மாணவர்களில் ஒரு பெண், “இவர் யாரு சார்?” என்று கேட்டாள். “எங்க பையன். நல்லா ஓடுவான்” என்றார் அப்பா. இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன்.

பிறகு ஆட்டம். மேடையில் வந்து உட்காரச் சொல்லி நடீனுக்கு அழைப்பு போயிருக்கிறது. பழசை மறந்து மன்னித்துவிட்டதாக ஊருக்குக் காட்ட ஆள் வேண்டுமே. அவள், “எனக்குப் படியேற முடியாதுன்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு, அத்தனை படியும் ஏறி வந்து பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மைதானம் நிரம்பி வழிந்தது. ஹாட்டியை இறக்கினார்கள். அழகாகத்தான் இருந்தாள், அந்தப் பாவப்பட்ட ஜீவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள், எல்லார் கையிலும் போன். எல்லாம் ஹாட்டியைப் படம் பிடித்தன. நான் ஹாட்டியைப் பார்க்கவில்லை, உன் அப்பாவையும் பார்க்கவில்லை. அந்த வெள்ளைத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடீனும் அதைத்தான் பார்க்கிறாள் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது, என் முழங்கையை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஓட்டம் தொடங்கியது. பாதி மைதானம் தாண்டுவதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவன், ‘இந்த மரபை மீட்டுத் தந்த மாமனிதர் ராய்ஸ் டில்லரி!’ என்று கத்தினான். கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பியைக் கழற்றி உயரத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

பீரங்கிப் பையன்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தொப்பியைப் பார் என்று சொல்லியிருந்தார்கள், பார்த்தார்கள், வெடித்தார்கள்.

ஹாட்டி மிரண்டு திமிறியதும் நாலு மாணவர்களும் கயிற்றை விட்டுவிட்டார்கள். உன் அப்பா அவர்களை அப்படித்தான் பழக்கியிருந்தார், பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. அப்பா விடவில்லை. விழுந்து, இழுபட்டுக்கொண்டே போனார். நாய்க்குட்டி கவ்விய துணிபோல இழுத்துப் போனாள் ஹாட்டி. கூட்டத்தில் பாதிப் பேர் அதையும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள் மிலோ. என் காதில் அந்தக் கைதட்டல் இன்னும் நிற்கவில்லை. அவள் யார்மேலும் பாயாமல், தூர வேலிவரை ஓடி, மூச்சு வாங்கித் தானாக நின்றாள். ஏன் விடவில்லை இந்த மனிதர் என்று எனக்குப் புரியவில்லை. கீழே இறங்கி ஓடிப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கயிறு அவர் கையில் சுற்றியிருந்தது. தவறிச் சிக்கியதில்லை. ஓடுவதற்கு முன்பே, அளந்து, ஒரு சுற்று.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே நடீன் காரை ஓட்டிவந்தாள். நான் உள்ளே அவரோடு இருந்தேன். முகமெல்லாம் புல்லும் மண்ணும். ஊசி போட்டிருந்ததால் பாதி மயக்கம். என்னைக் கூப்பிட்டார். “ரோசலி, சுத்துனாலும் நிக்காது” என்றார். தண்ணீர் ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். “சுத்திப் பாத்துட்டேன். நிக்காது. யாரு புடிச்சாலும் நிக்காது” என்றார். இத்தனை வருடம் அவருக்கு அது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நிமிடம் அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் அங்கே இடமில்லை. இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்தின் அறிக்கை வந்தது. கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது என்ற அடிப்படை விதியை உரிமையாளரே மீறியதால் நேர்ந்த வருத்தமான சம்பவமாம். பீரங்கியைப் பற்றி ‘சமிக்ஞையில் சிறு குழப்பம்’ என்று அரை வரி. தொப்பி என்ற சொல்லே இல்லை. கயிற்றை விட்டதற்கு அன்றைக்கு மகன் குற்றவாளி, விடாததற்கு இன்றைக்கு அப்பன் குற்றவாளி. தொப்பிக்காரருக்கு வசந்த காலத்தில் பாராட்டு விழா வைக்கிறார்கள், பத்திரிகையில் பார்த்தேன்.

டில்லரி பூங்கொத்து அனுப்பினார். அடுத்த நாள் போன் செய்து, “ஒரு சின்ன தடங்கலுக்காக மரபு நின்னுடக் கூடாது மிஸஸ் கட்லெக். ஹாட்டிய மொத்தமா எங்களுக்கே கொடுத்துடுங்களேன்” என்றார். நான் என்ன சொன்னேன் என்று தேவாலயத்துக்குப் போகிற பெண் எழுதக்கூடாது. ஹாட்டி நம் மேய்ச்சல் நிலத்தில்தான் இருக்கிறாள். தூரத்தில் லாரி டயர் வெடித்தால்கூட நடுங்குகிறாள். போன வாரம் வேறு மாநிலத்திலிருந்து ஒரு கிடாவை வாங்கியிருக்கிறார்களாம், கொம்பு பெரிசாக இருக்கிறதாம். அதோடு ஓடப்போகிற பிள்ளைகளின் அம்மாக்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. டீனுக்கு எழுதினேன். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று அச்சடித்த அட்டை வந்தது.

அந்தப் பலகையில் உன் பேர் இன்னும் இருக்கிறதா, இல்லை மறுபடியும் இழைப்புளி போட்டுவிட்டார்களா, தெரியாது. நான் போய்ப் பார்க்கமாட்டேன். நான் ஒரு முறை பார்த்துவிட்டேன், எனக்கு அது போதும். உன் அப்பாவுக்கும் அதைப் பற்றிக் கவலையிருப்பதாகத் தெரியவில்லை. அவர் கேட்பதெல்லாம் வேறு. நேற்று ராத்திரி சாப்பாட்டின் நடுவே, “அலாஸ்கால இந்நேரம் பனி விழ ஆரம்பிச்சுருக்குமா?” என்று கேட்டார். இன்று காலையும் கேட்டார். நானே அவனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனால் எழுதிவிட்டேன்.

மிலோ, அவர் செய்தது மன்னிப்பா, பைத்தியக்காரத்தனமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு விரல் மிஞ்சியிருக்கும். உங்கள் இருவருக்கும் வாய் என்பது சாப்பிட மட்டும்தான். எனக்கு உங்கள்மேல் கோபம் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் செய். நான் எடுக்கமாட்டேன், பக்கத்தில் நின்றாலும் எடுக்கமாட்டேன். அவர் உன்னிடம் பனியைப் பற்றித்தான் கேட்பார். பனியைப் பற்றியே பேசு. இடது கையால் எடுக்க இன்னும் பழகவில்லை, நழுவ விடுவார், நேரமாகும். மணி ரொம்ப நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே.

அங்கேயும் உனக்குக் கயிற்றோடுதான் வேலை என்று தெரியும். எத்தனை பெரிய மீன் கூட்டமானாலும் சரி, யார் கத்தினாலும் சரி, கையில் சுற்றாதே மகனே. இழுத்தால் விட்டுவிடு. நீ முழுசாக இருக்க வேண்டும் என்று தினமும் கடவுளைக் கேட்டுக்கொண்டிருக்கும்,

உன் அம்மா